பக்கத்திரைப் பண்டிதர்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பல ரகம். சனிக்கிழமை தவறாமல் மெழுகு பூசித் தேய்ப்பவர் ஒரு ரகம். வாங்கிப் போர்த்தி மூடி வைத்துவிட்டு, விலை ஏறியதா என்று பத்திரிகையைப் புரட்டுபவர் இன்னொரு ரகம். ஹெல்மெட்டும் கையுமாக ரேஸ் மைதானத்துக்குக் கிளம்புகிறவரும் உண்டு. இவர்களையெல்லாம் ஐந்து நிமிடப் பேச்சில் இனம் கண்டுவிடலாம். நான் சொல்லப்போகிறவர் அப்படிச் சட்டென்று பிடிபட மாட்டார். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் "ஓடுது" என்பார். பிரேக்? "பிடிக்குது." ஜன்னலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்றைய மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் அவர் காரில் ஜன்னலே கிடையாது.

கார், எம்.ஜி.ஏ. ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில், 1955-இலிருந்து 1962 வரை, ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்து தள்ளினார்கள். அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. ஓயாத தூறலில் நனைந்துகொண்டே ஜன்னல் இல்லாத காரைச் செய்து, கலிஃபோர்னியா வெயிலுக்கு அனுப்பிவைத்தவர்கள் விவரமானவர்கள்தான். சிக்கல் என்னவென்றால், பல வருடம் கழித்து அந்தக் கார்களில் கணிசமானவற்றை வெள்ளைக்காரர்களே திரும்ப விலை கொடுத்து வாங்கி, தூறலுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நம்மவருடையதும் அப்படி வந்ததுதான்.

பார்க்க அழகான கார், மறுக்கவே முடியாது. மூக்கிலிருந்து வால்வரை ஒரே வழவழப்பு. அந்த வழவழப்பைக் கெடுக்க வேண்டாம் என்றோ என்னவோ, கதவின் வெளிப்பக்கம் கைப்பிடிகூட வைக்கவில்லை. மழை வந்தால் சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு தட்டிகளை எடுக்க வேண்டும். சட்டமடித்து நடுவில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பதித்தவை. அவற்றைக் கதவின்மேல் பொருத்தித் திருகி முடுக்க வேண்டும். சைடுஸ்கிரீன் என்று பெயர். பக்கத்திரை என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்த 1500 மாடலில் பக்கத்திரையின் அடிப்பகுதி மடங்கித் திறக்கும். அந்தச் சந்தில் கையை விட்டு, கதவுப் பைக்குள் தடவித் தேடி, அங்கே ஒளிந்திருக்கும் கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். 1959-இல் வந்த 1600 மாடலில் மடிப்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற தகடு வைத்தார்கள். கையை விட்டுக் கயிறு தேடுகிற வேலை மட்டும் அப்படியே நீடித்தது. சாவி இல்லை, பூட்டு இல்லை. திருடனுக்குத் தேவையெல்லாம் கொஞ்சம் நீளமான கை.

எம்.ஜி.யை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1948-இல் ஜாகுவார் கொண்டுவந்த எக்ஸ்.கே.120-இன் பேரிலேயே அதன் வேகம் இருந்தது: மணிக்கு 120 மைல், கிட்டத்தட்ட 193 கிலோமீட்டர். அவ்வளவு வேகம் போகிற திறந்த காருக்கும் இதே தட்டிதான், இதே கைப்பிடியில்லாத கதவுதான். ஜெர்மனிக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., இறக்கை விரிக்கிற மாதிரி கதவு மேலே தூக்கிக்கொள்ளுமே, அதில் ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கவே இறங்காது. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியை அப்படியே கழற்றி சீட்டுக்குப் பின்னால் உறையில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்று அந்தக் காரின் விலைக்கு ஒரு தெருவையே வாங்கிப்போடலாம். உள்ளே உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும்.

ஆக, நம்மவரின் கஷ்டம் நியாயமான கஷ்டம்தான். அதைத் தீர்க்க அவர் படும் பாட்டில்தான் ஆள் வெளிப்படுகிறார்.

ஏனென்றால் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. இதே எம்.ஜி.ஏ.வில் கூரை வைத்த கூப்பே ஒன்று 1956-லேயே வந்தது. சுற்றி ஏற்றி இறக்கும் கண்ணாடி, வெளியே கைப்பிடி, பூட்டு எல்லாம் அதில் உண்டு. 1961-இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.4-லும், அதற்கடுத்த வருடம் எம்.ஜி.பி.யிலும் திறந்த காருக்கே கைப்பிடி சுற்றினால் ஏறும் கண்ணாடி வந்துவிட்டது. எம்.ஜி.பி.யை லட்சக்கணக்கில் செய்தார்கள். விலையும் குறைவு, இன்றைக்கும் எங்கு பார்த்தாலும் கிடைக்கும்.

அவர் மனைவிக்கு இது தெரியும். கல்யாணமாகி நாற்பது வருடம், தெரியாமல் இருக்குமா?

"எம்.ஜி.பி. ஒண்ணு வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே?"

"எம்.ஜி.பி.யா?"

அந்த ஒற்றைச் சொல்லை அவர் உச்சரிப்பதைக் கேட்க வேண்டும். சங்கீத வித்வானிடம் போய், ரேடியோவிலேயே பாட்டு வருகிறதே, நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டது போன்ற ஒரு வேதனை. ஜன்னல் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஜன்னல் உள்ள கார் வேண்டாம், அதிலும் சந்தேகமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் உண்டோ, அதில்தான் அவர் குளிர்காலம் முழுவதும் குடியிருக்கிறார். அவருக்கு மழை ஒழுகுவது நிற்க வேண்டும் என்பதைவிட, ஒழுகுவதைப் பற்றி யோசிப்பது நின்றுவிடக்கூடாது என்பது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கதவுக்குள்ளேயே கண்ணாடியை இறக்கிவிடலாமா என்று பார்த்தார். வேலைக்கு ஆகாது. கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் பொறியும் இருக்க வேண்டிய இடத்தில் எம்.ஜி.ஏ.வின் கதவு பள்ளமாகக் குடையப்பட்டிருக்கிறது. ஓட்டுகிறவரின் முழங்கை அங்கேதான் போய் உட்காரும். மொத்தக் காரின் அகலமே 147 சென்டிமீட்டர். பள்ளத்தை அடைத்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முழங்கை கதவில் இடிக்கும். ஒன்று கண்ணாடி, இல்லாவிட்டால் கை. கையை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அடுத்து, புதிய பக்கத்திரை தானே செய்வது. கடையில் புதிதாகச் செய்தது வாங்கலாம். வாங்குகிறவர் இந்த ரகமே இல்லை. நவம்பரில் கேரேஜில் விளக்கு எரியத் தொடங்கும். அட்டைப்பெட்டியைக் கிழித்து அச்சு வெட்டுவார். முன்கண்ணாடிச் சட்டத்தின் சாய்வுக்கு ஓர் அட்டை, மேல்துணியின் வளைவுக்கு ஓர் அட்டை. இடது கதவுக்கு வெட்டியதைத் திருப்பிப் போட்டு வலது கதவில் வைத்தால் ஒரு விரற்கடை இடிக்கும். அந்தக் காலத்தில் கையால் தட்டிப் பொருத்திய கார், இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். இதைக் கண்டுபிடித்த நாளில் அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி, பேரன் பிறந்த அன்றுகூடத் தெரியவில்லை என்பது மனைவியின் கட்சி.

பிறகு தகடு. பெர்ஸ்பெக்ஸா, பாலிகார்பனேட்டா? இந்த விவாதத்தில் யாரும் குறுக்கே போய்விடக் கூடாது. பாலிகார்பனேட் உடையாது, சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். ஆனால் துணியால் துடைத்தாலே கீறல் விழும். மேலே கெட்டிப்பூச்சு போட்டது கிடைக்கிறது, அதை வளைத்தால் பூச்சு வெடிக்கும். பெர்ஸ்பெக்ஸ் அதைவிடப் பளபளப்பு, கீறினாலும் தேய்த்து மெருகேற்றலாம். ஆனால் துளை போடும்போது படக்கென்று விரியும். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்பதால் விவாதம் அந்தப் பக்கம்தான் முடியும். ஸ்பிட்ஃபயர் பேர் எங்காவது வந்துவிட்டால் இந்த வயது ஆங்கிலேயர் பேரம் பேசுவதில்லை.

துளை போடுகிற அன்று வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. தகட்டின் காப்புத்தாளை உரிக்காமல், அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குவார். டிரில் முனையைச் சாணையில் கொடுத்துக் கூர்மையை வேண்டுமென்றே கொஞ்சம் மழுக்கியிருப்பார், அது பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கக் கூடாது, சுரண்ட வேண்டும். டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, எடுத்து எடுத்துத் துளைப்பார். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சுருள் ஒரே சீராக வந்தால் மூச்சு விடுவார். துளையும் ஸ்குரூ அளவுக்குச் சரியாக இருக்கக் கூடாது, தாராளமாக இருக்க வேண்டும். பெர்ஸ்பெக்ஸ் சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு நீளும் சாமான். 60 சென்டிமீட்டர் தகடு 25 டிகிரி சூடு ஏறினால் 1 மில்லிமீட்டர் நீளும். நீள இடமில்லாவிட்டால் துளையிலிருந்து விரிசல் கிளம்பிவிடும். இங்கிலாந்தில் எங்கே ஐயா 25 டிகிரி ஏறப்போகிறது என்று கேட்கத் தோன்றும். கேட்கக் கூடாது.

வெட்டி, துளைத்து, ரப்பர் பட்டை ஒட்டி, மார்ச் மாதத்தில் ஒரு வழியாக மாட்டினார். நின்ற காரில் கச்சிதம். கேரேஜில் ஹோஸ் பைப்பை மனைவி கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ரோட்டில் 60 மைல் வேகம் எடுத்ததும் பக்கத்திரையின் மேல்விளிம்பு மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது. வேகமாகப் போகும்போது வெளியே காற்றழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்று திரையை வெளியே தள்ளுகிறது. விமானத்தை மேலே தூக்குகிற சங்கதியேதான். ஆள் சோர்ந்துவிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த குளிர்காலத்துக்கு வேலை கிடைத்துவிட்டது என்று விசிலடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

இவருக்கு ஒரு விரோதி உண்டு. விரோதி என்றால் நெருங்கிய நண்பர் என்று பொருள். அவர் ஒரிஜினல்வாதி. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு வாஷர் மாறினாலும் பாவம் என்பவர். ஞாயிற்றுக்கிழமை கார்க்காரர்கள் கூடுகிற பப்பின் வாசலில் நம்மவரின் புதுப் பக்கத்திரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தள்ளித் திறக்கிற தகடு போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"உங்க கார் 1957. 1500."

"ஆமாம்."

"இது 1600-க்கு வந்தது."

"1500-க்கே தனியாப் பணம் கொடுத்தா கிடைச்சுது."

இதற்குப் பிறகு இருவரும் ஆளுக்கு ஒரு பீர் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். தனியாகப் பணம் கொடுத்தால் எந்த வருடம், எந்த மாதத்திலிருந்து கிடைத்தது என்பதுதான் பேச்சு. அரசாங்கத்துக்கு இதைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. 40 வருடம் தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை, வருடாந்தரச் சோதனையே வேண்டாம் என்று 2018-லேயே கைகழுவிவிட்டது. கண்டிக்க அரசு இல்லாத இடத்தில் நண்பர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரிஜினல்வாதியின் பக்கத்திரைகள் அன்று வந்த அதே பழுப்பேறிய பிளாஸ்டிக்தான், வெளியே நிற்பது மாடா மனிதனா என்று தெரியாது. அவருக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. அவர் காரை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்.

இரண்டாவது குளிர்காலம் போய், உள்ளே ஓர் இழுவைக் கம்பி வைத்து அந்த இடைவெளியும் அடைபட்டது. ஜூன் மாதம். மனைவியையும் ஏற்றிக்கொண்டு காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் கிளம்பினார். நல்ல வெயில், அதனால் மேல்துணி மடக்கியாயிற்று, பக்கத்திரைகள் கழற்றியாயிற்று. கீறல் படக்கூடாது என்று ஃபிளானல் துணியில் தனித்தனி உறை, உறைமேல் உறையாக ஒரு பை, பை சீட்டுக்குப் பின்னால். ஒரு மணிக்கு வானம் கறுத்தது. இரண்டு மணிக்குக் கொட்ட ஆரம்பித்தது.

"வண்டியை நிறுத்தி அதை மாட்டலாமே?" என்றாள் மனைவி.

அவர் யோசித்தார். ஈரக்கையால் எடுத்தால் ஃபிளானல் நனையும். நனைந்த ஃபிளானலில் மண் ஒட்டும். மண் ஒட்டினால் அடுத்த முறை உருவும்போது கீறும்.

"ஐம்பதுக்கு மேலே போனா மழை தலைக்கு மேலேயே போயிடும்" என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். திறந்த கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் சொல்கிற வாக்கியம் இது. ஓரளவுக்கு உண்மையும்கூட. முன்கண்ணாடி கிளப்புகிற காற்று மழையைத் தூக்கித்தான் விடுகிறது. மூன்று மைலுக்கு அவர் சொன்னது பலித்தது. நாலாவது மைலில் சிவப்பு விளக்கு.

பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுக் கீழே பார்த்தார்கள். மனைவி ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, மடக்குக் குடையை எடுத்து, பொத்தானை அமுக்கினாள். அது படீரென்று விரிந்தது.

"பார்த்து, பார்த்து!" என்று அவர் பதறினார். "பின்னால பெர்ஸ்பெக்ஸ் இருக்கு, கம்பி குத்திடப் போகுது."