தங்கமான பழுதுபார்ப்பு

பொதுப் பட்டறையில் ஒரு எந்திரம் கெட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும்? ஒரு ஃபிட்டரைக் கேட்டுப் பாருங்கள். "கழட்டுங்க, தேஞ்ச பாகத்த மாத்துங்க, கிரீஸ் வச்சு ஓட்டுங்க" என்பார். பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். டெல்லியில் அவருக்கு அறை கிடையாது. ஆய்வுக் குழுவில் இடம் கிடையாது. தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிய நீள மேசையில் உட்கார்ந்து அவர் ஒருநாளும் எதையும் 'விரிவாக விவாதித்தது' கிடையாது. இந்தத் தகுதிகளெல்லாம் உள்ள பெரியவர்கள் கோலார் தங்கவயலில் இதே கேள்விக்கு விடை கண்டிருக்கிறார்கள். அந்த ஞானத்தை விதிகளாகத் தொகுத்துத் தருகிறேன். நாட்டில் இன்னும் சில பொதுப் பட்டறைகள் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவற்றை நிறுத்த உதவும்.

விதிகளுக்குப் போகுமுன், ஒழித்துக் கட்டப்பட்ட பழைய முறையைப் பார்த்துவிடுவோம். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே இறங்கி ஏற இருந்தது கேஜ். கேஜைத் தாங்கியது இரும்பு வடம். வடத்தைச் சுற்றியது வைண்டிங் எஞ்சின். அறுந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த வடத்தை யாரும் விட்டுவைக்கவில்லை. நாள் தவறாமல் பார்த்தார்கள். குறித்த காலத்துக்கு ஒருமுறை, வடம் நன்றாகவே இருந்தாலும், நுனியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அந்த வடத்தில் ஒரு முழம்கூட ஃபிட்டருக்குச் சொந்தமில்லை. ஆனால் அடுத்த ஷிப்டில் அதில் தொங்கப்போகிறவன் அவர் மச்சானாக இருப்பான், பக்கத்து லைன் வீட்டுக்காரனாக இருப்பான். பொதுச் சொத்தைப் பராமரிக்க அதற்கு மேல் ஒரு சட்டம் அங்கே தேவைப்படவில்லை.

பம்புக்கும் அப்படித்தான். நின்றால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும். அதனால் நிற்கவிடவில்லை. வெளியிலிருந்து பாகம் வரும்வரை உட்கார்ந்திருக்க முடியாத தொழில் என்பதால், சுரங்கங்களுக்கென்றே லேத்தும் உலையும் கொண்ட பட்டறைகள் இருந்தன. இப்படியொரு பழக்கம் நாடெங்கும் பரவியிருந்தால் டெண்டர் என்ற புனிதச் சடங்கு என்ன ஆவது? நல்லவேளை, அரசு விழித்துக்கொண்டது.

முதல் விதி: பழுது யாருக்கு என்று முதலில் விசாரி. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்தது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பியில் ஓடிவந்து இங்கே எந்திரங்களைச் சுழற்றியது. இந்தியாவின் பல நகரங்கள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த காலம் அது. துரைமாருக்குப் பங்களா, கிளப். தொழிலாளிக்கு மூங்கில் தட்டிக் குடிசை, பிறகு லைன் வீடு, பொதுவாக ஓர் எடுப்புக் கக்கூஸ். ஊரிலேயே அதிகம் பேர் பகிர்ந்துகொண்ட சாதனம் அந்தக் கக்கூஸ்தான். துரை போனார், மைசூர் அரசு வந்தது, மத்திய அரசு வந்தது, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வந்தது. வாளி மட்டும் மாறவில்லை, அதை அள்ளிய சாதியும் மாறவில்லை. கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் 1993இல் வந்தது. அதற்குப் பிறகும் பொதுத்துறை நிறுவனத்தின் குடியிருப்பில் அது நடந்தது. அந்த வேலையைச் செய்த குடும்பத்தில் இதே ஊரில் பிறந்த பெஜவாடா வில்சன் அதை வெளியுலகுக்குக் காட்டி அவமானப்படுத்திய பிறகே நிர்வாகம் அசைந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு எந்திரம் இறக்கத் தெரிந்தவர்களுக்கு, மூன்றடி ஆழத்தில் ஒரு பீங்கான் பதிக்கத் தெரியவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இரண்டாம் விதி: எந்திரத்தைத் தொடாதே, பேரேட்டைத் திருத்து. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. வெட்டிய தங்கத்தை மத்திய அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் விலைக்குக் கணக்கெழுதியது. 10 கிராம் 53 ரூபாய் 58 காசு. அதே தங்கம் அப்போது கடைத்தெருவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்குப் போனது. வாங்குகிறவன் அரசு, விற்கிறவன் அரசு, விலை போடுகிறவன் அரசு. கடைசியில் 'நட்டம், நட்டம்' என்று மாரடித்துக்கொண்டவனும் அரசு. பாறைவெடிப்பில், அந்த ஊர் 'ஏர்பிளாஸ்ட்' என்று சொல்லும் அந்தச் சாவில், நசுங்கியவன் எந்தப் பேரேட்டிலும் நட்டமாக எழுதப்படவில்லை. பாறைத்தூசி படிந்து இறுகிய நுரையீரலும் எழுதப்படவில்லை. பட்டறையில் வார்க்க முடியாத ஒரே உதிரிபாகம் அது. அதனால்தானோ என்னவோ, அதை இருப்புப் பதிவேட்டிலேயே ஏற்றவில்லை.

மூன்றாம் விதி: பழுதான பொருளைச் சீரமைப்பு வாரியத்துக்கு அனுப்பு. 1992இல் பாரத் தங்கச் சுரங்கம் நலிவுற்ற நிறுவனம் என்று தொழில், நிதிச் சீரமைப்பு வாரியத்தின் வாசலில் படுக்கவைக்கப்பட்டது. எட்டு ஆண்டு வைத்தியம். 2000இல் சீரமைப்பு வாரியம் தன் சீரமைப்பை அறிவித்தது: மூடிவிடுங்கள். தறியில் நூல் அறுந்தால் தறியை விறகாக்கு என்று சொல்ல ஒரு வாரியமும் அதற்கு எட்டு ஆண்டுச் சம்பளமும்! 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில், பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோவின் தடத்தை விஞ்ஞானிகள் பிடித்தார்கள். எதிலும் அகப்படாத அந்தத் துகள் அகப்பட்ட ஊரில், இந்த முடிவுக்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் அகப்படவில்லை.

நான்காம் விதி: பாகம் தேய்ந்தால் ஆளைக் கழற்று. 2001 பிப்ரவரி 28. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் தந்த சுரங்கங்களுக்கு அன்று கடைசி ஷிப்ட். வேலை போனது. பம்புகள் நின்றன. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைத் தள்ளிவைத்திருந்த சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. இனி ஃபிட்டரும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். பராமரிப்புச் செலவு பூஜ்ஜியம்! மனிதர்களுக்கு மாற்று ஏற்பாடு இல்லாமலில்லை. விடியுமுன் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் இருக்கிறது. எண்பது கிலோமீட்டருக்கும் மேல் போய் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் அதே ரயிலில் திரும்பலாம். கேஜில் இறங்கியவரின் பிள்ளைகள் பெட்டிக் கதவில் தொங்குகிறார்கள். இந்தத் தொங்கலை நாள் தவறாமல் பார்க்க ஃபிட்டர் யாரும் இல்லை.

ஐந்தாம் விதி: நிறுத்திய எந்திரத்தை ஓட்டவும் விடாதே, காக்கவும் செய்யாதே. சுரங்கத்தைக் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். நீதிமன்றப் படிகள் ஏறினார்கள். எந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் பெயர் சொல்லி அறிந்தவர்களிடம் எந்திரத்தைக் கொடுப்பதா? நிர்வாக இயலில் இதற்கு முன்னுதாரணம் ஏது? 2013இல் உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. உலகம் வரவில்லை. வந்தவர்கள் இரும்புத் திருடர்கள்தான். 2020 மே மாதம், ஊரடங்கில் பிழைப்பு முடங்கிக் கிடந்த நேரத்தில், மாரிக்குப்பம் பக்கம் கைவிடப்பட்ட ஷாஃப்டுக்குள், அதாவது செங்குத்துச் சுரங்கக் குழிக்குள், திருட இறங்கிய கும்பலில் மூன்று பேர் செத்தார்கள். சட்டப்படி அவர்கள் திருடர்கள். வைண்டிங் எஞ்சினைத் துருவுக்குத் தின்னக் கொடுத்தவர்கள் ஓய்வூதியம் வாங்கும் கனவான்கள். இடையில் சினிமாக்காரர்கள், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டில் செட் போட்டார்கள். அட்டையில் செய்த தங்கச் சுரங்கம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. அதற்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கிடைத்தது. நிஜ எந்திரத்துக்கு ஒரு டப்பா எண்ணெய் வாங்க எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை.

விதிகள் முடிந்தன. சிரித்தது போதும்.

இப்போது அந்த மேடுகளின் மேல் மறுபடி கண் விழுந்திருக்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்று வீசினால் அந்தத் தூசி வீடுகளுக்குள்தான் வந்து இறங்குகிறது. 1,003 ஏக்கரில் கிடக்கும் அந்த மண்ணிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. தங்கம் விற்கும் விலையில் குப்பையும் லாபம் என்று கண்டுகொண்டார்கள். தூசியைத் தின்ற மூன்று தலைமுறை மட்டும் இப்போதும் நட்டக் கணக்கில்தான் கிடக்கிறது. நிலுவைத் தொகைக்கும் வீட்டு உரிமைக்கும் மனு எழுதியே நரைத்துப்போனவர்கள் அந்த மேட்டடியில் குடியிருக்கிறார்கள்.

எனவே, ஏலச் சுத்தியலைத் தூக்குகிறவர்களுக்கு: அந்த மண்ணை அள்ளுமுன் பழைய தொழிலாளிக்குச் சேரவேண்டியதை ஒரு காசு குறையாமல் கொடுங்கள். வேலை வந்தால் முதல் பெயர் அந்த ஊர்ப் பிள்ளையின் பெயராக இருக்கட்டும். தூசியால் கெட்ட நுரையீரல்களுக்கு அந்த லாபத்திலிருந்து மருத்துவம் பாருங்கள். திறந்து கிடக்கும் ஷாஃப்டுகளை இன்னொரு சாவுக்கு முன் மூடுங்கள். இதில் எதற்கும் ஆய்வுக் குழு தேவையில்லை. எதுவும் உங்களால் முடியாது என்றால், மேடுகளைத் தொடாதீர்கள். அந்த ஊரிடமிருந்து நீங்கள் எடுத்தது போதும்.