காலண்டர் தாள் காண்ட்ராக்ட்

தாடிக்கொம்பில், கரூர் ரோட்டோரத்து டீக்கடையில் காலை ஆறரைக்கு அவரைப் பார்க்கலாம். வேட்டியில் சிமெண்ட், சட்டைப் பையில் இன்ச் டேப்பு, காதில் பென்சில். கொத்தனார் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்காரர். வீட்டில் வேலை நடக்கிறது.

கறாரான மனிதர். மச்சினனுக்கு ஐயாயிரம் கைமாத்து கொடுத்தாலும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி புரோநோட்டில் கையெழுத்து வாங்குவார். தேய்பிறை அஷ்டமிக்கு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிட்டால், அர்ச்சனைச் சீட்டுகூட பீரோவுக்குள் போய்விடும். அப்படிப்பட்டவர் ஆயுளின் பெரிய செலவை மேஸ்திரியிடம் ஒப்படைத்தது வெற்றிலை பாக்கில் வைத்த 1,001 ரூபாயோடும், "பாத்துச் செய்யுங்க" என்ற இரண்டு சொல்லோடும்.

எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று மருமகன் மெல்ல இழுத்தார். மேஸ்திரிக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம பெருமாள் கோயில் மண்டபத்துக்கு எந்த அக்ரிமெண்ட்டுண்ணே போட்டாங்க? தூணெல்லாம் நிக்கலையா?" அண்ணன் உருகிப்போனார். விளக்குக்கு ஆடு விட்ட கணக்கைக்கூடக் கோயில் சுவரில் கல்வெட்டாக்கிய நாடு இது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

முதலில் பாத்ரூமுக்கு டைல்ஸ் மாற்றுவதாகத்தான் பேச்சு. டைல்ஸ் போட வந்தவர் சுவரில் ஓதம் என்றார். சுவரைத் தட்டியவர் தளம் ஒழுகுகிறது என்றார். தளத்தைப் பார்க்க ஏறியவர், "இவ்வளவு இடத்த வெயில்ல காயவிட்டு வச்சிருக்கீங்களேண்ணே!" என்றார். மாடியில் இரண்டு அறை முளைத்தது. அறைக்குப் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கூண்டு.

டைல்ஸ் மாற்றவும் பூசி வெள்ளையடிக்கவும் யாரும் திட்ட அனுமதி கேட்பதில்லை. மாடி எழும்பினால் கேட்பார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 அதற்காகத்தான் இருக்கிறது: பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், மழைநீர் எங்கே இறங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. அண்ணனின் கணக்கு வேறு. வரி ரசீது கையில் இருக்கிறது. வரி வாங்குகிறவர்கள் வீட்டை ஒப்புக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்த செய்தி அவர் வயிற்றில் பால் வார்த்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே உறுதிசொல்லி இணையத்தில் விண்ணப்பித்தால், கள ஆய்வுக்குக் காத்திராமல் அனுமதி கிடைக்கும். அண்ணன் அதில் ‘சுய’ வரைக்கும் படித்தார். "எனக்கு நானே அனுமதி குடுத்துக்கிறது. அதான் எப்பவோ குடுத்துட்டேனே!"

சண்டை சதுர அடியில் தொடங்கியது. ரேட்டு பேசியாயிற்று, எதையெல்லாம் அளப்பது என்று பேசவில்லை. படிக்கட்டுக் கூண்டு கணக்கில் வருமா? சன்ஷேடு? லாஃப்ட்? போர்ட்டிகோ முழு ரேட்டா, பாதி ரேட்டா? மேஸ்திரியின் டேப்பு தெருவரைக்கும் நீண்டது. அண்ணனின் டேப்பு சுவரின் உட்புறத்திலேயே நின்றது. செப்டிக் டேங்க் ‘எக்ஸ்ட்ரா’ என்ற சேதி, குழி தோண்டி முடித்த மறுநாள் வந்தது. சிமெண்ட் மூட்டைகள் குறையாமலிருக்க, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாகப் பார்த்து வாங்கி ஷெட்டுக்குப் போட்டிருந்தார். சாவி மேஸ்திரியிடம் இருந்தது.

மேஸ்திரி பாதியில் வேடசந்தூர்ப் பக்கம் இன்னொரு வேலைக்குப் போய்விட, அண்ணன் சட்டத்தின் பக்கம் திரும்பினார். ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் போகலாம் என்றார் ஒருவர். விற்பனைக்கல்லாமல் சொந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலை அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வராது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்வார்த்தையும் செல்லும் என்று யாரோ சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லும்தான், என்ன பேசினோம் என்பதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவே.

திண்டுக்கல்லில் வக்கீல் ஆதாரம் கேட்டார். அண்ணன் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். கட்டுக் கட்டாக, தினம் கிழித்த காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைய பட்டுவாடா: சித்தாள் கூலி, எம் சாண்ட், கம்பி, டீ, வடை. முன்பக்கத்தில் தேதி, கிழமை, ராகுகாலம்.

வக்கீலுக்கே வியப்பு. "பிரமாதம்ணே! பணம் வாங்குனதுக்கு மேஸ்திரி எங்க கையெழுத்துப் போட்டிருக்காரு?"

"அவரு எதுக்கு? குடுத்தது நான். ஒவ்வொண்ணுக்கும் நானே டிக் போட்டிருக்கேன், பாருங்க."