வாயும் வயிறுமாய்ப் பட்டணம் பார்த்தல்: போடி மலையடிவார வழக்கு குறித்த ஓர் ஆய்வு

போடிநாயக்கனூரிலும், அதற்கு மேற்கே முந்தலைக் கடந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குள் மறையும் சாலையை நம்பி வாழும் ஊர்களிலும், தலைப்பிள்ளையைச் சுமந்திருக்கும் பெண்ணைக் கணவன் கோடையில் இரண்டு மூன்று நாள் சென்னைக்கு அழைத்துச் சென்று ஊர் காட்டித் திரும்பும் வழக்கம் ஒன்று காணப்படுகிறது. இதனைப் பேபிமூன் என்று சொல்லும் புதுப்பழக்கமும் உண்டு. தேனிலவில் தேன் என்ற ஒன்றாவது இருந்தது. இப்பயணத்தில் இருப்பது இரும்புச்சத்து மாத்திரைதான் என்பதால் அப்பெயர் இக்கட்டுரையில் ஏற்கப்படவில்லை. வட்டார வழக்கில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது, "வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைய இழுத்துக்கிட்டு இந்த வெயில்ல எங்கடா போற?" என்று அப்பத்தா கேட்கும் கேள்வியே பெயருக்குப் பதிலாக நிற்கிறது.

அக்கேள்வியில் வரும் தொடர் ஆராயத்தக்கது. கருவுற்றிருத்தலை 'முழுகாமல் இருத்தல்' என்பதும் உண்டு. மாதவிலக்கு நின்றதால் தலைமுழுக்கும் நின்றது என்பது அதன் பொருள். ஆனால் 'வாயும் வயிறும்' என்பது அதைவிட விரிந்த சொல்லாட்சி. வயிறு எதைக் குறிக்கிறது என்பதில் ஐயமில்லை. வாய் என்பது புளிப்பைக் கேட்கும் வாயையும், கேட்டு வாங்கித் தின்றதைத் திருப்பி அனுப்பும் வாயையும் ஒருங்கே குறிக்கும். எதிர்வீடு, பக்கத்து வீடு, கோயில் வாசல், ரேஷன் கடை வரிசை ஆகிய இடங்களில் ஓயாமல் அறிவுரை வழங்கும் ஊரார் வாயையும் இதில் அடக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பயணத்துக்குக் காரணம் என்ன என்பதில் இரு கொள்கைகள் உள்ளன. முதலாவது வயாக் கொள்கை. 'வயா' என்பதற்கு மிகுந்த வேட்கை என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது; நாளடைவில் அது சூலுற்றவளின் ஆசைக்கே உரிய சொல்லாயிற்று. புறநானூற்றின் 20ஆம் பாட்டில், மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ணமாட்டார் என்று குறுங்கோழியூர் கிழார் பாராட்டுகிறார். சேரநாட்டை எட்டிப் பார்க்கும் தூரத்தில் வாழும் போடிப் பெண்ணுக்கு மலைமண் அன்றாடம் காலில் ஒட்டுவது. எனவே அவள் வயா மணலின் மேல், அதாவது மெரினாவின் மேல் செல்கிறது என்பர் இக்கொள்கையினர். சூலுற்றவள் ஊர் பார்க்க ஆசைப்படுவதற்கு முன்மாதிரியும் உண்டு. வால்மீகியின் உத்தரகாண்டத்தில் கருவுற்ற சீதை, கங்கைக்கரை ஆசிரமங்களைக் காண வேண்டும் என்று கேட்கிறாள். அவள் நகரத்திலிருந்து காட்டுக்குப் போக விரும்பினாள். இவள் காட்டிலிருந்து நகரத்துக்குப் போக விரும்புகிறாள். அப்பயணத்தில் கணவன் உடன் வரவில்லை என்பதையும், அது எப்படி முடிந்தது என்பதையும் போடிக் கணவர்கள் நன்கு அறிவார்கள் போலும். டிக்கெட் எப்போதும் இரண்டாகவே எடுக்கப்படுகிறது.

இரண்டாவது மணக் கொள்கை. இதுவே வலுவானது. போடியில் 'ஏலம்' என்றால் இரண்டு பொருள். ஒன்று மலையில் விளையும் காய். மற்றொன்று அதற்கு விலை வைக்கும் முறை. பின்னது 'லெய்லாவ்' என்ற போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது என்பர். ஆக, இவ்வூரில் ஏலம் ஏலம் போகிறது; அதுவும் ஸ்பைசஸ் போர்டின் மையத்தில், கூவுவார் யாருமின்றி, கணினிப் பொத்தானை அமுக்கியே போகிறது. காய் மலை ஸ்டோரில், அதாவது உலர்த்தும் அறையில், உலர்ந்து இறங்கியதும் கிட்டங்கிகளில் கொட்டிச் சலித்து, 8 எம்எம், 7 எம்எம் என்று பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். பொறுக்கும் வேலை பெண்களுடையது. ஏலக்காய் மென்றால் குமட்டல் நிற்கும் என்பது நாடறிந்த வைத்தியம். ஆனால் பதினாறு வயது முதல் அந்த மணத்திலேயே உட்கார்ந்து காய் பொறுக்கியவளுக்கு, மசக்கை வந்ததும் முதலில் குமட்டுவது ஏலக்காய்தான். மருந்தே நோயாகும் இந்நிலையில், தெருவில் காற்று திரும்பும்போதெல்லாம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்பவள் கேட்பது கடலை அன்று, வேறொரு காற்றை.

இனிக் காலம். முதல் மூன்று மாதம் பயணம் ஆகாது என்பது அப்பத்தா மரபு; ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். எஞ்சுவது நான்கு, ஐந்து, ஆறு. பதினான்கு வாரத்துக்கு மேல் இருபத்தெட்டு வாரத்துக்குள் போய்வரலாம் என்று டாக்டரம்மா மரபும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இவ்விரு மரபுகளும் ஒத்துப்போகும் ஒரே இடம் இது. மறுபுறம், காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீள்வதால், கணவனுக்குக் கை ஓய்வது பங்குனி, சித்திரை, வைகாசியில்தான். சித்திரையில் ஐந்து மாதமாக இருப்பவள் ஆவணி, புரட்டாசியில் பெறுவாள். அப்போது மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும். தகப்பனாகப் போகிறவன் நிம்மதியாக அருகில் இருக்கும் கடைசிப் பருவம் இக்கோடையே. இதன் நடுவில், சித்திரைக் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் கத்திரி வெயில் வந்து உட்கார்ந்துகொள்வதற்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள். ஏலச்செடி நேர்வெயில் பட்டால் கருகிவிடும். அதற்கென்றே தோட்டத்தில் உயர்ந்த மரங்களின் நிழலைக் காத்து வைக்கிறார்கள். அந்நிழலில் வளர்ந்தவளை மே மாதத்துச் சென்னையில் இறக்கிவிடுவது என்ன வகைச் சாகுபடி என்பது தனியே ஆராய வேண்டியது.

ஊர்தி வரலாறு சுருக்கமாக வருமாறு. மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் நீளப் பாதை 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், 1950களில் மீண்டும் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதை ஆக்குவதாகச் சொல்லி நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது, அதுவும் சென்னை சென்ட்ரலுக்கே நேராகப் போகும் வாரம் மும்முறை வண்டியாக. இடைப்பட்ட பன்னிரண்டரை ஆண்டுகளில் உண்டான பிள்ளைகள் பேருந்தில் குலுங்கியே பட்டணம் கண்டவர்கள். அவர்களிடம் ஒருவகைத் துணிச்சல் உண்டு என்று பெற்றோர் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

ரயிலுக்கு எதிராக அப்பத்தா மரபு எழுப்பும் தடை, பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டக் கூடாது என்பது. இவ்வண்டி மதுரையை விட்டதும் வைகையையும், கரூருக்கு அப்பால் மோகனூரை நெருங்கும்போது காவிரியையும் தாண்டுகிறது. இதற்கு மூன்று சமாதானங்கள் கூறப்படுகின்றன. கோடையில் வைகையில் தண்ணீர் இராது, தண்ணீர் இல்லாதது ஆறாகாது. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதால் அதற்கு முந்திய காவிரியும் பாதி ஆறே. எஞ்சிய பாதியை அவள் தூக்கத்தில் தாண்டிவிடுகிறாள். அப்பத்தா இதில் முதலாவதை மட்டும் ஏற்பார்.

தூக்கம் என்றதும் படுக்கை பற்றிச் சொல்ல வேண்டும். மூத்த குடிமக்களுக்கும், 45 வயது கடந்த பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் எனக் கீழ்ப்படுக்கைகளில் சிலவற்றை ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிறது. மனைவிக்குக் கீழே இடம் கிடைக்க, கணவன் மேல்படுக்கையில் ஏறி, மணிக்கொரு முறை தலையைத் தொங்கவிட்டுத் "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். காரணம், தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்தால் நடுப்படுக்கையில் தலை இடிக்கும். ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரக் கூடாது, கால்களில் இரத்தம் கட்டும், எழுந்து நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மா மரபு. நடக்கவே கூடாது என்பது அப்பத்தா மரபு. இரண்டுக்கும் நடுவில் அவள் செய்வது புரண்டு படுப்பது. பையில் இருப்பவை: கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எழுதிய அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், அம்மாச்சி பொட்டலம் கட்டிய உப்பு நெல்லிக்காய், சென்னையில் இருக்கும் உறவினருக்கு அரைக் கிலோ ஏலக்காய். கடைசியாகச் சொன்னது ஐந்து பிளாஸ்டிக் உறைகளுக்குள் இருந்தும் அவளுக்கு மணக்கிறது.

சென்னையில் எதைப் பார்ப்பது என்பதைத் தம்பதியர் தீர்மானிப்பதாகக் கருதுவது பிழை. அதைக் கிழமை தீர்மானிக்கிறது. போடியிலிருந்து வண்டி ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவுகளிலும், சென்னையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி இரவுகளிலும் புறப்படுவது. செவ்வாய்க்கிழமை பிள்ளைத்தாய்ச்சியைப் படி தாண்ட விடமாட்டார்கள். வியாழன் புறப்பட்டால் மறுநாள் வெள்ளி, எழும்பூர் அருங்காட்சியகம் விடுமுறை. அன்றிரவே திரும்பாவிட்டால் திங்கள் வரை லாட்ஜ் வாடகை. ஆகவே ஞாயிறு. திங்கள் காலை வந்து இறங்கினால், லிஃப்ட் இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு ஏற்றதான மெரினா கலங்கரை விளக்கத்துக்கு அன்று விடுமுறை. செவ்வாய், வண்டலூருக்கு விடுமுறை. அந்நாளில் திறந்திருப்பது அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய அதனைப் பழைய சென்னையார் 'செத்த காலேஜ்' என்றும், 1855இல் அதே வளாகத்தில் பிறந்து பின்னர் இடம் மாறி 1985இல் வண்டலூரில் நிலைத்த விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். வயிற்றுப்பிள்ளையோடு செத்த காலேஜுக்குப் போவதை அப்பத்தா தொலைபேசியிலேயே தடுத்துவிடுகிறார். கணவனோ அங்கேதான் போக வேண்டும் என்று நிற்கிறான். சோழர் செப்புத் திருமேனிகளின் மேல் கொண்ட ஆர்வம் என்று அதை எண்ணிவிடக் கூடாது. 1844இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை அதே எழும்பூரில் கூப்பிடு தூரத்தில் இருப்பதை அவன் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறான். திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் நிற்கும்போதும் அவன் கை ஆட்டோ செயலியிலேயே இருக்கிறது.

இவ்விடத்தில் அமர்விடக் கோட்பாட்டை முன்வைக்கலாம். இப்பயணத்தில் ஓர் இடத்தின் பெருமை அதன் தொன்மையிலோ அழகிலோ இல்லை. அங்கே உட்கார முடியுமா, நிழல் உண்டா, கழிப்பறை எத்தனை அடி என்பவற்றில் இருக்கிறது. "ஏங்க, உக்காருவமா?" என்பதே பயணத்தில் மிகுதியாக வழங்கும் வாக்கியம். இக்கோட்பாட்டின்படி, மெட்ரோ ரயிலில் கர்ப்பிணிக்கென ஒதுக்கிய இருக்கை ஒரு சுற்றுலாத் தலம். குளிரும் உண்டு என்பதால் முதல்தரத் தலம். வண்டலூர் பேட்டரி வண்டி இரண்டாம் தரம். ரங்கநாதன் தெரு, குந்துவதற்கு ஒரு கல்லும் இல்லாமையால், தலமே அன்று; 2019இல் பாண்டி பஜாரில் அமைத்த நடைபாதை வளாகம் தலம்.

மெரினா இக்கோட்பாட்டுக்குச் சிக்கலானது. காமராசர் சாலைக்கும் அலைக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் மணல். ஆறு மாத வயிற்றுக்கு அது மூன்று கிலோமீட்டர். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கென அலை வரை மரப்பாதை ஒன்று போட்டார்கள். மறுமாதமே மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைக்க, பின்னர் சரிசெய்தார்கள். சரியாகப் பாதி வழியில் அப்பெண் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, கடல் இங்கிருந்தே தெரிகிறது என்கிறாள். கணவனும் ஆமாம் என்கிறான். இருவரும் சுண்டல் வாங்கிக்கொண்டு கடலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்க்கிறார்கள். போடியில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் ஏழு பேர் "எத்தனையாவது மாசம்?" என்று கேட்பார்கள், இங்கே ஒரு மணி நேரமாக யாரும் கேட்கவில்லை. இதை அவள் எடுத்துச் சொல்வதும் இல்லை, காலை நீட்டிக்கொள்கிறாள்.

மணக் கொள்கைக்கு இறுதிச் சான்று தி.நகரில் கிடைக்கிறது. வந்த முதல் நாளே லாட்ஜ் வாசல் டீக்கடையில் 'ஏலக்காய் டீ' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பியவள், மூன்றாம் நாள் மாலை முந்திரி, திராட்சை விற்கும் கடை ஒன்றின் முன் தானாக நிற்கிறாள். கண்ணாடிச் சாடியில் '8 எம்எம்' என்று சீட்டு. கடைக்காரர் மாதிரிக்கு நாலு காய் கொடுக்க, அவள் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுகிறாள். நிறம் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்க்கிறாள். நகத்தால் பிளந்து அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறாள். கடைசியில் மூக்கருகே கொண்டுபோகிறாள். குமட்டவில்லை.

"ஏங்க, இது ஏழுகூட வராது."

"பேசாம வா" என்கிறான் கணவன். எந்த ஊர்ச் சரக்கு என்று அவள் கேட்கிறாள். "அசல் போடி சரக்கும்மா" என்கிறார் கடைக்காரர். அவள் உள்ளே கிடக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாடியில் இருப்பதை ஒரு தட்டில் கொட்டச் சொல்கிறாள்.