தகுதிகாண் பருவத்தில் ஒரு கர்னல்

கர்னல் அவர்களே, அமெரிக்கச் சீருடையைக் கழற்றிவிட்டீர்களா? வாழ்த்துகள். இருபது ஆண்டுகள் படையில் உழைத்தவருக்குக் கூட்டாட்சி அரசு அலுவலகத்தில் நாற்காலி காத்திருக்கும் என்று நம்புகிறீர்கள். நம்புங்கள், நம்பிக்கைக்கு இன்னும் வரி போடவில்லை.

முன்னாள் படைவீரருக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று 1944இல் சட்டம் போட்டார்கள். உங்களுக்கு அது கிடையாது. மேஜரோ அதற்கு மேலோ ஆகி ஓய்வு பெற்றவருக்குப் பணியால் வந்த உடற்குறை இருந்தால்தான் முன்னுரிமை. கை கால் முழுசாகத் திரும்பி வந்தது உங்கள் குற்றம். பாதுகாப்புத் துறையிலேயே சிவில் வேலைக்குப் போகலாம் என்றால், விசேஷ விலக்கு கிடைக்காதவரை 180 நாள் வாசலில் நில்லுங்கள்.

எப்படியோ வேலை கிடைத்தது. பட்டாலியனை நடத்தியவர் இப்போது தகுதிகாண் பருவத்தில்! பையன் தேறுவானா என்று ஓராண்டு பார்ப்பார்கள்.

2025 பிப்ரவரியில் அதற்குக்கூடப் பொறுமை இல்லை. அந்தப் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோரை அச்சடித்த கடிதம் கொடுத்து வெளியே தள்ளினார்கள். காரணம், பணித்திறன் போதாதாம். நல்ல மதிப்பீடு வாங்கியவருக்கும் அதே வரி. அவர்களில் முன்னாள் வீரர்களும் உண்டு. அவர்கள் இப்போதைக்கு வேலைக்குத் தகுதியில்லாதவர்களாக இருக்கலாம் என்று அதிபர் ட்ரம்பின் அன்றைய ஆலோசகர் அலினா ஹப்பா திருவாய் மலர்ந்தார்.

இதில் சூட்சுமம் இருக்கிறது. ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டால் 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். யாரை வைத்துக்கொள்வது என்பதில் தகுதியுள்ள முன்னாள் வீரருக்கு முன்னுரிமையும் தரவேண்டும். 'நீ லாயக்கில்லை' என்று எழுதிவிட்டால் இரண்டும் மிச்சம்! காரணம் பொய் என்று மார்ச் 13 அன்று சான்பிரான்சிஸ்கோ நீதிபதி வில்லியம் ஆல்சப் போட்டு உடைத்தார். ஆறு துறைகள் நீக்கியவர்களைத் திரும்ப எடுக்க உத்தரவிட்டார். ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பொய் உண்மையாகிவிட்டதாலா? இல்லை, வழக்குப் போட்ட அமைப்புகளுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை இல்லையாம்.

செலவைக் குறைக்கட்டும், ஆளைக் குறைக்கட்டும். அது ஆள்பவர் முடிவு. ஆனால் உழைத்தவனின் பணிப்பதிவில் கையாலாகாதவன் என்று பொய் எழுத எவனுக்கும் யோக்கியதை கிடையாது. ஆள் குறைக்கிறோம் என்று முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாத கோழைகளா, கர்னல், உங்களுக்குத் தகுதி காண்பது?