பாட்டு அப்புறம், புண்ணாக்கு முதல்ல

வா நைனா, உக்காரு. கழுத்துல இன்னா பட்டை தொங்குது? ஐடி கார்டா? கும்மிடிப்பூண்டி சிப்காட்ல சூப்பர்வைசர் ஆயிட்டியாமே, சந்தோசம். ஆளுங்ககிட்ட எப்படி வேலை வாங்கறதுன்னு ஏசி ஓட்டல்ல கிளாஸ் வேற எடுத்தாங்களாமே!

கண்ணை மூடிக்கினு பின்னாடி சாயணுமாம். பின்னால நிக்கறவன் தாங்கிப் பிடிப்பானாம். அதுக்குப் பேரு நம்பிக்கையாம். கம்பளம் விரிச்ச தரையில எவன் வேணா சாய்வான். இரும்பு உருக்கற பர்னஸ் பக்கத்துல சாஞ்சு காட்டச் சொல்லு, பாக்கலாம். அங்க கையுறை கிழிஞ்சா மறுநாள் புதுசு வருதா? வந்தா நம்பிக்கை தானா வரும்.

உன் லைன்ல நிக்கறானே, அந்த ஒடிசாக்காரப் பையன், அவன் பேரு இன்னா? முழிக்கற பாரு! "ஏ பீகாரி"ன்னு கூப்பிட்டா அவன் திரும்பறானேன்னு நினைக்காத. வயித்துப்பாட்டுக்குத் திரும்பறான். திட்டறதை நாலு பேர் முன்னாடி திட்டற, மெச்சறதை மட்டும் காதோட சொல்ற. இதை எந்த வாத்தியார் சொல்லிக் குடுத்தான்?

பாடிக் கறக்கற மாட்டைப் பாடிக் கறக்கணும். வாஸ்தவம். தொட்டி காஞ்சு கிடக்கறப்ப பாடினா? மூஞ்சியில உதை.

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான்ல ஐபோன் பூட்டற பொண்ணுங்க, பூந்தமல்லிப் பக்கம் ஹாஸ்டல்ல தங்கியிருந்தாங்க. சாப்பாடு கெட்டு 100 பேருக்கு மேல வாந்தி பேதி. சென்னை-பெங்களூரு ரோட்டையே மறிச்சு உக்காந்துட்டாங்க. மூடின கம்பெனி திரும்பத் தொறக்க ஜனவரி ஆச்சு. தங்கற எடமும் சாப்பிடற எடமும் சரியில்லைன்னு ஆப்பிள்காரனே ஒத்துக்கினான். உலகத்துக்கே போன் விக்கறவன், கடைசியில சோத்துல வந்து மாட்டினான்!

இன்னிக்கு நேத்து சங்கதியா இது? பெரம்பூர் பி அண்ட் சி மில்லுல, மதியச் சோறு தின்ன நேரம் பத்தலைன்னு முணுமுணுத்தாங்க. வெள்ளைக்கார முதலாளி காதுல ஏறலை. 1918 ஏப்ரல்ல வாடியா தலைமையில சென்னைத் தொழிலாளர் சங்கமே பொறந்துடுச்சு, திரு.வி.க.வும் கூட நின்னாரு. பெரிய தத்துவம் பேசியா ஆரம்பிச்சாங்க? தூக்குவாளியைத் தொறந்து மூட நேரமில்லைன்னுதான் ஆரம்பிச்சாங்க.

5 மணி நேரத்துக்கு மேல ஒருத்தனைச் சேந்தாப்புல நிக்க வைக்காதே, நடுவுல அரை மணியாவது விடுன்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதினாங்க. மனுசனுக்குப் பசிக்கும்னு சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்துது, பாரு! உங்க லைன்ல டார்கெட் முடியலைன்னு டீ பெல்லையே முழுங்கிடறீங்களாமே, மெய்யா?

"இந்த மாசத்துச் சிறந்த தொழிலாளி"ன்னு போட்டோ மாட்டறியாமே. மாட்டு, நல்லாத்தான் இருக்கும். அதே ஆளுக்கு ஓவர்டைம் காசு எந்த மாசம் வரும்? காண்ட்ராக்டர்கிட்ட கேளுன்னு கையை விரிப்ப. காண்ட்ராக்டர் உன்னைக் காட்டுவான்.

சரி, காலையில ஷிப்டு எத்தினி மணிக்கு? ஆறுக்கா? போய்ப் படு நைனா. தூங்கி வழியற மூஞ்சியோட போய் நீ எவனை உசுப்பப் போற?