பன்றி புகாத பாஷை

இங்கிலீஷ் பெயர்களை இடது பக்கத்தில் மெல்லிய சாய்வெழுத்துக்களிலும், அவற்றுக்கு நேரான ஜெர்மன் பெயர்களை வலது பக்கத்தில் தடித்த கறுப்பெழுத்துக்களிலும் போட்டு, ஜெர்மன் பெயர் ஒவ்வொன்றின் அடியிலும் பதவுரையும், பதவுரைக்குப் பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களும் பொறித்த அந்தப் படம் இந்த வாரமும் என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகையால் எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. நீங்களும் அதை யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள்; மறுக்க வேண்டாம்.

ஸ்கங்க் என்ற பிராணி ஜெர்மனில் 'ஷ்டிங்க்டீர்', அதாவது நாற்றப் பிராணி. ஸ்லாத் என்பது 'ஃபாவுல்டீர்', சோம்பேறிப் பிராணி. பிளாட்டிபஸ் 'ஷ்நாபெல்டீர்', அலகுப் பிராணி. ஜெர்மானியன் எந்த ஜீவனைக் கண்டாலும் அதனிடம் முதலில் கண்ணுக்கோ மூக்குக்கோ படுவது எதுவோ அதை எடுத்து, பிராணி என்று பொருள்படும் 'டீர்' என்ற சொல்லோடு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான் என்பதே இந்த ஹாஸ்யத்தின் சாரம். ஸ்லாத் என்ற இங்கிலீஷ் சொல்லுக்கும் சோம்பல் என்றுதான் அர்த்தம் என்பதும், கிறிஸ்தவ சமயத்தார் எண்ணிச் சொல்லும் ஏழு மகாபாபங்களுள் அதுவும் ஒன்று என்பதும், பிளாட்டிபஸ் என்றால் கிரேக்கத்தில் தட்டைப்பாதன் என்பதும் சிரிப்பவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை. அலகைப் பார்த்துப் பெயர் வைத்தால் அது ஹாஸ்யம். காலைப் பார்த்துப் பெயர் வைத்தால் அது சாஸ்திரம் போலும்!

ஆமை விஷயமாக எனக்குப் பலமான ஓர் ஆக்ஷேபம் உண்டு. தரையில் நடப்பதற்கு ஒரு பெயர், கடலில் நீந்துவதற்கு வேறொரு பெயர் என்று வைத்துக்கொண்டிருக்கும் இங்கிலீஷ்காரரின் பக்கம் நின்றுகொண்டு, இரண்டையும் 'கேடயத் தேரை' என்ற ஒரே பெயரால் அழைத்துத் திருப்தியடைந்திருக்கும் ஜெர்மானியரை நகைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை ஸ்தாபிக்கவே இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் பன்றியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கினிப் பிக் என்பதை ஜெர்மானியர் 'மெயர்ஷ்வைன்ஷென்', குட்டிக் கடற்பன்றி என்கிறார்கள். கடலில் வாழாததற்குக் கடல் எதற்கு என்று படத்தைத் தயாரித்தவர் வியக்கிறார். கினி என்பது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை; வாலில்லாத இந்தச் சிறு ஜந்துவோ தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைநாட்டு மக்கள் வீட்டில் வளர்த்துச் சமைத்து உண்டது. கடலைக் கடந்து ஐரோப்பாவுக்கு வந்தது என்ற அளவிலாவது ஜெர்மானியர் வாக்கில் உண்மை இருக்கிறது. இங்கிலீஷ்காரர் அது பிறவாத தேசத்தை அதன் ஜன்மபூமியாக எழுதிக் கொடுத்தார்கள். பன்றி என்ற பொய்யை மட்டும் இரு சாராரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அடுத்தபடியாக, 'ஷ்டாஹெல்ஷ்வைன்' என்றால் முட்பன்றியாம். அதற்கு இரண்டு மஞ்சள் முகங்கள். பேச்சு வந்த நாள் முதலாக அதை முள்ளம்பன்றி என்றே சொல்லிவரும் ஒரு தமிழர் இதை இன்னொரு தமிழருக்கு அனுப்பிச் சிரிக்கச் சொல்வதை என்னவென்பது? போர்க்குப்பைன் என்ற சொல்லைச் சற்றுச் சுரண்டினால், பழைய பிரெஞ்சு உடை உடுத்த அதே முட்பன்றிதான் உள்ளே உட்கார்ந்திருக்கும். போர்ப்பஸ் என்னும் கடல்வாழ் பிராணியை 'ஷ்வைன்ஸ்வால்', பன்றித் திமிங்கிலம் என்று ஜெர்மானியர் சொல்வது அநாகரிகமாம். போர்ப்பஸோ லத்தீனில் பன்றியும் மீனும் கூடிப் பிறந்த சொல். திமிங்கில வர்க்கத்தைச் சேர்ந்ததைத் திமிங்கிலம் என்றவன் கோமாளி, மீன் என்றவன் கனவான்! ஆர்ட்வார்க் என்பது தென் ஆப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரரின் பேச்சில் நிலப்பன்றி; அதை மெல்லாமல் விழுங்கிய இங்கிலீஷ்காரர் வாயில் அது கம்பீரமாக ஒலிக்கிறது, 'ஏர்ட்ஃபெர்க்கெல்' என்று தம் பாஷையில் சொல்லிக்கொண்ட ஜெர்மானியர் வாயில் பரிகாசமாகிவிடுகிறது. காப்பிபாராவை ஜெர்மானியர் நீர்ப்பன்றி என்பது வாஸ்தவமே. விலங்குநூலார் கிரேக்கத்தில் அதற்குச் சூட்டிய பெயரும் நீர்ப்பன்றியே. இது நிற்க, 'ஈகெல்' என்று ஜெர்மானியர் பன்றியின் சம்பந்தமே இல்லாமல் சொல்லிவிடுகிற சிறு முட்பிராணியை இங்கிலீஷ்காரர் வேலிப்பன்றி என்கிறார்களே, மரக்கட்டையும் தழையும் கடித்து வளையில் உறங்கும் ஒரு கொறிப்பிராணியை அமெரிக்கர் தரைப்பன்றி என்கிறார்களே, இவையெல்லாம் ஏன் படத்தில் இல்லை என்று பேராசிரியருக்கு விஸ்தாரமாக எழுதிக் கேட்டேன். கட்டைவிரலை உயர்த்திய கை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

ஆற்றுக்குதிரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிரேக்கர் குதிரை என்றதை ஜெர்மானியர் நம்பி மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ்காரர் நம்பி, மொழிபெயர்க்காமலே வைத்துக்கொண்டார்கள். நீர்யானை என்ற நம்மவர்களுக்கு உருவத்தையாவது பார்க்கத் தெரிந்திருக்கிறது.

தம் பாஷையைக் குறித்து லஜ்ஜைப்படுகிறவர்கள் ஜெர்மானியரிலும் இல்லாமற் போகவில்லை. 1942ல் பெர்லினில் கூடிய ஜெர்மன் பாலூட்டியியல் சங்கத்தார், வௌவாலும் மூஞ்சூறும் எலியினத்தைச் சேர்ந்தவை அல்லவாகையால், 'ஃப்ளேடர்மவுஸ்', 'ஷ்பிட்ஸ்மவுஸ்' என்னும் பெயர்களின் கடைசியில் தொங்கும் எலியை அறுத்தெறிந்து, இனி 'ஃப்ளேடர்' என்றும் 'ஷ்பிட்ஸர்' என்றுமே வழங்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். மார்ச் 3ந் தேதிப் பத்திரிகையில் வந்த இச்செய்தி ஹிட்லரின் கண்ணில் பட்டது. மறுநாளே அவருடைய நெருங்கிய அதிகாரி போர்மன் மூலமாக உத்தரவு பிறந்தது: பழைய பெயர்கள் உடனே திரும்ப வேண்டும், யுத்த காலத்தில் இதைவிட உருப்படியான காரியம் சங்கத்தாருக்கு இல்லையென்றால் அவர்களை ருஷ்யப் போர்முனையின் கட்டுமானப் படைகளில் நெடுங்காலம் வேலைக்கு வைக்கலாம். அந்த மனிதர் இட்ட கட்டளைகளுள் ஒன்றையாவது நான் ஆமோதிக்க நேரும் என்று கனவிலும் எண்ணியதில்லை. வித்வான்கள் அடங்கினார்கள், 1874ல் வியன்னாவில் அரங்கேறிய ஸ்ட்ராஸின் 'ஃப்ளேடர்மவுஸ்' இசைநாடகமும் தன் தலைப்பில் பாதியை இழக்காமல் தப்பியது. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் வௌவாலுக்கு 'ஃபிளிட்டர்மவுஸ்' என்ற பெயர் இருந்தது. யாருடைய உத்தரவும் இல்லாமலே அதை மூலையில் போட்டுவிட்டு, கிரிக்கெட் மட்டைக்கும் வௌவாலுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, எது பறப்பது, எது அடிப்பது என்பதைக் கேட்கிறவனே யூகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.