குரங்குப்பிடி, பூனைப்பிடி, கால்வெஸ்டன் கார் நிறுத்தம்

உல்லாசக் கப்பலில் ஏறப்போகும் குடும்பம் சொந்தக் காரிலேயே துறைமுகம் போய்ச் சேர்ந்தால், முதலில் பெட்டியை இறக்குவதா, முதலில் காரை நிறுத்துவதா என்னும் வினாவை அறிஞர் உலகம் இதுகாறும் தீண்டவில்லை. கப்பல் கம்பெனிகள் பஃபே பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நீர்ச்சறுக்கு பற்றி எழுதுகின்றன. வண்டியை எங்கே விடுவது என்பதற்கு மட்டும் ஒரு வரைபடத்தைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்கின்றன. இப்பொருளில் ஆழ்ந்த விவாதம் நடப்பது நெடுஞ்சாலையில், காரின் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் இடையில்தான். அவ்விவாதங்கள் ஏட்டில் ஏறியதில்லை. ஏற்றத் தக்க மொழியிலும் அவை நடப்பதில்லை. இக்குறையைப் போக்குவதே நம் நோக்கம்.

ஆய்வுக் களமாக டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனைக் கொண்டோம். மயாமியைக் கொண்டிருக்கலாமே எனின், கூடாது. மயாமிக்கு விமானத்தில் வந்து இறங்குவோர் பலர். அவர்களுக்குக் கார் என்னும் வினையே இல்லை. கால்வெஸ்டனோ காரில் வருவோரின் துறைமுகம். டாலஸில் ஏறினால் ஐ-45 நெடுஞ்சாலை ஏறத்தாழ 290 மைல் இழுத்து வந்து, ஹூஸ்டனைக் கடந்து, ஒரு பாலத்தைத் தாண்டித் தீவில் இறக்கிவிட்டு அங்கேயே முடிந்தும் போகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் கப்பல்தான். 2000-ஆம் ஆண்டில் கார்னிவல் நிறுவனம் இங்கிருந்து ஓட்டத் தொடங்கியதிலிருந்து, டெக்சாஸ் தமிழர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் தீர்ந்தது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த பெற்றோருக்கு நான்காம் மாதம் எதைக் காட்டுவது என்பதே அச்சிக்கல்.

பாரம் தூக்குவதில் இத்தீவுக்குத் தனி வரலாறு உண்டு. 1900 செப்டம்பர் 8-இல் அடித்த புயலில் குறைந்தது ஆறாயிரம் பேர் மாண்டார்கள். அமெரிக்க வரலாற்றில் இயற்கைச் சீற்றம் ஒன்றில் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை உயிர் போனதில்லை. மிஞ்சியவர்கள் கடற்சுவர் கட்டினார்கள். அதோடு நில்லாமல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் மணலைக் குழாய் வழியே இறைத்து, ஊரையே மேலே ஏற்றிவிட்டார்கள். தேவாலயத்தைக்கூட விடவில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் வந்து நின்று, ஆறு பெட்டியை வேனிலிருந்து யார் இறக்குவது என்று குடும்பம் சண்டை போடுகிறது.

சண்டையின் வேர் கப்பலின் நேரக் கணக்கில் இருக்கிறது. ஏழு இரவு சுற்றிய கப்பல் விடிகாலை கரை சேரும். அன்று மாலை நான்கு மணி வாக்கில் அடுத்த கூட்டத்தோடு புறப்பட்டுவிடும். 2023 டிசம்பரில் இங்கே வந்த ‘கார்னிவல் ஜூபிலி’ ஒன்றே ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். அத்தனை பேரும் இறங்கி, அறைகள் துடைக்கப்பட்டு, அத்தனை பேர் மறுபடி ஏற வேண்டும். போன வாரத்தார் காரை எடுத்தால்தான் இந்த வாரத்தார் விட முடியும்: சாப்பிட்டு முடிக்காதவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கும் கல்யாணப் பந்தி நிலை இது. குளிர்காலத்தில் கடல்மூடுபனி இறங்கி, பைலட்டுகள் கப்பலை உள்ளே கொண்டுவர முடியாத நாளில் பந்தி மணிக்கணக்கில் தள்ளிப்போகும். ஹார்பர்சைடு சாலை நெடுகக் கார்கள் நிற்கும். ஒவ்வொரு காரிலும் அதே வினா.

வினாவுக்கு விடை கூறுவோர் இரு சாரார். இவர்களைப் புரிந்துகொள்ள வைணவ மரபின் துணை வேண்டும். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும்; பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். முன்னது மர்க்கட நியாயம், வடகலையார் வழி. பின்னது மார்ஜார நியாயம், தென்கலையார் வழி. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வளர்த்த தத்துவத்தைக் கார் நிறுத்தத்துக்கு இழுத்து வந்ததற்கு இரு கலையாரும் பொறுத்தருள்க. ஆனால் இதைவிடப் பொருத்தமான கருவி நமக்குக் கிட்டவில்லை.

குரங்குப்பிடியார் நேரே கார் நிறுத்துமிடம் போவார்கள். அங்கே குடும்பம், பெட்டி, தண்ணீர் பாட்டில், பாட்டியின் மூட்டுவலித் தைலம் எல்லாம் ஒன்றாக இறங்கும். ஒன்றாகவே ஷட்டில் பஸ்ஸில் ஏறும். முனையத்தில் ஒன்றாக இறங்கும். எதுவும் கண்ணை விட்டு மறையாது. பூனைப்பிடியார் முதலில் முனைய வாசலில் வண்டியை ஓரங்கட்டி, பெட்டிகளைப் போர்ட்டரிடம் ஒப்படைத்து, குடும்பத்தையும் இறக்கிவிடுவார்கள். பிறகு ஓட்டுநர் மட்டும் தனியே போய் வண்டியை விட்டுத் திரும்புவார். இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பெட்டியை எத்தனை முறை தூக்குகிறோம் என்பதை அதன் தூக்கெண் எனக் கொள்க. குரங்குப்பிடியில் வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து தரை என மூன்று; பூனைப்பிடியில் இரண்டு. ஆறு பெட்டிக்குப் பதினெட்டும் பன்னிரண்டும். இடுப்பு என்னும் உறுப்பை உடையவர் எவரும் இதற்கு மேல் சான்று கேட்கமாட்டார்.

ஆறு பெட்டி எப்படி வந்தது என்பது இடையில் தெளியத் தக்கது. ஊருக்குப் போகும்போது தலைக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்னும் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகியவர்கள் இவர்கள். கைத்தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு, அரைக் கிலோ கூடினால் பருப்புப் பொடியை எடுத்து வெளியே வைப்பவர்கள். கப்பல் முனையத்தில் தராசு இல்லை. இந்தச் சுதந்திரத்தை எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் டிக்கிதான் தராசின் வேலையைச் செய்கிறது. மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்தினால் பெட்டி கொள்ளாது; மடக்கினால் மாமியார் கொள்ளார்.

இனிப் பெட்டி ஒப்படைக்கும் இடம். நம் ஆய்வுக்கு உட்பட்ட குடும்பம் பூனைப்பிடியைச் சார்ந்தது. அதாவது மருமகன் சார்ந்தவர். மாமனார் கருவூல அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் போர்ட்டர் சிரித்துக்கொண்டே பெட்டிகளைக் கம்பிக்கூண்டு வண்டியில் அடுக்க, மாமனார் தம் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

“மாப்ளே, ரசீது குடுத்தானா?”

“ரசீதெல்லாம் கிடையாது மாமா. சாயங்காலம் ரூம் வாசலுக்கு வந்துரும்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க மாமா.”

“நாமளே வீட்ல சீட்டு அச்சடிச்சு, நாமளே மடிச்சு, நாமளே பின் அடிச்சு, முன்னப்பின்ன தெரியாதவன்கிட்ட ரசீது இல்லாம தூக்கிக் குடுத்துட்டு, மேற்கொண்டு அவனுக்கே டிப்ஸும் குடுக்கறோம். ட்ரெஷரில ஒரு ஃபைல் இப்படி நகர்ந்திருந்தா அன்னைக்கே சஸ்பெண்ட்.”

அவர் சொன்னதில் ஓரெழுத்தும் பிழையில்லை. பெட்டிச்சீட்டு என்பது கப்பல் பெயர், பயண நாள், அறை எண் கொண்டு வீட்டு பிரிண்டரில் எடுத்த தாள். அதை நீளவாக்கில் மடித்துக் கைப்பிடியில் சுற்றி ஸ்டேப்ளரால் அடிக்க வேண்டும். பல லட்சம் டன் கப்பல் தொழில் ஒன்று இந்த ஸ்டேப்ளர் பின்னை நம்பித்தான் நடக்கிறது. தாள் கிழிந்தால் பெட்டி அனாதை. விவரம் தெரிந்தவர்கள் தாள்மேல் அகலமான டேப் ஒட்டி, பெட்டிக்குள்ளும் அறை எண் எழுதிய இன்னொரு தாளைப் போடுவார்கள். மாமனார் தம் பெட்டியில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியும், மஞ்சள் துணி கட்டியும் வைத்திருந்தார். பூனைக்குட்டி இப்படி முன்னேற்பாடு செய்துகொள்ளுமா என்பது மார்ஜார நியாயத்தார் விளக்க வேண்டிய இடம்.

ஆயினும் அவர் பிடியை விடாததற்கு உண்மைக் காரணம் வேறு. பெட்டியின் உள்ளறையில், வேட்டிக்கு அடியில், எல்லாருடைய பாஸ்போர்ட்டும் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தின இரவு அவரே வைத்துப் பூட்டியது. பெட்டி ஒப்படைப்பு வாசலில் நடக்கிறது. பாஸ்போர்ட் கேட்பது உள்ளே போன பிறகு. இந்த வரிசை மாறி அமைந்திருந்தால் மனிதகுலத்துக்கு எவ்வளவோ நன்மை. வாசலிலேயே பெட்டியைக் கிடத்தித் திறந்து, வேட்டிகளை விலக்கி, ஐந்தாறு கார்கள் பின்னால் ஹாரன் அடிக்க, கடவுச்சீட்டுகள் மீட்கப்பட்டன. கைப்பையில் இருக்க வேண்டியவை இவை: பாஸ்போர்ட், மாத்திரை, பிள்ளைகளின் நீச்சல் உடை. பெட்டி மாலையில்தான் வரும். பிள்ளைகள் நீச்சல் குளத்தைக் கண்டுபிடிப்பது மதியமே.

எல்லாப் பெட்டியும் மாலையில் வருவதில்லை. பூனை கவ்விய பெட்டி எக்ஸ்ரே வழியாகத்தான் கப்பலுக்குள் போகிறது. சூடேறும் சுருள் கொண்ட பொருள்கள் பல ஆகா. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், அரிசி குக்கர் மூன்றும் இதில் அடக்கம். கப்பலில் தீ என்பது விளையாட்டல்ல; விதி நியாயமானதே. உணவிலும் கடையில் வாங்கி உறை பிரிக்காதது செல்லும். வீட்டில் சமைத்தது செல்லாது. இட்லி மிளகாய்ப் பொடி எந்த வகை? பாலித்தீன் பையில் ரப்பர் பேண்டு போட்டது வீட்டுச் சமையல். மாம்பலத்தில் சீல் வைத்தது கடைச் சரக்கு. ஒரே பொடி, ஒரே காரம். உறைதான் அதன் வர்ணத்தை நிர்ணயிக்கிறது. சிக்கிய பெட்டி அறைக்கு வராது. உரியவர் கீழ்த்தளத்துக்குப் போய், காவலர் முன்னால் அதைத் திறந்து காட்ட வேண்டும். குக்கரை அவர்களே வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். மாமியார்கள் இதைக் கைதாகிய உறவினரைப் பார்க்கப் போகும் முகத்தோடு செய்கிறார்கள்.

பிரசாதம் தனிப் பிரச்சினை. வழியில் சற்றே விலகிப் பேர்லாண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது. கடல் பயணம் போகும் குடும்பம் அங்கே வண்டியைத் திருப்பாமல் போகாது. கையில் கிடைத்த புளியோதரை வீட்டில் சமைத்ததா, அல்லவா? கப்பல் பாதுகாப்பு விதிகளில் பிரசாதம் என்றொரு பகுப்பு இல்லை. டெக்சாஸ் தமிழர்கள் கண்ட தீர்வு எளிது: தீவுப் பாலம் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது. புளிக்கைத் தடம் ஸ்டியரிங்கில் தெரியும்.

இப்போது பூனைப்பிடியின் உண்மையான ஆதாரத்துக்கு வருவோம். தூக்கெண் கணக்கெல்லாம் மேலுக்குச் சொல்வது. குடும்பத்தை வாசலில் இறக்கிவிட்டுத் தனியே வண்டியை நிறுத்தப் போகிறாரே மருமகன், அவர் உடனே திரும்புவதில்லை. நிறுத்துமிடம் போய், வரிசை எண்ணைப் போட்டோ எடுத்து, ஏ.சி.யை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு அவர் விருப்பப் பாட்டு. அடுத்த ஏழு நாள் நான்கு பேர் படுக்கும் அறையில் அவருக்குத் தனிமை என்பது குளியலறை மட்டும். ஷட்டில் பஸ் ஒன்று வந்து போகிறது, அவர் ஏறவில்லை. மனைவியிடமிருந்து போன் வந்தால், “பஸ்ஸுக்கு நிக்கறேம்மா” என்கிறார். இது பொய்யன்று, பஸ் வேறு பொருளில் நிற்கிறது. பூனைப்பிடி ஆண்களிடையே ஏன் இவ்வளவு செல்வாக்குப் பெற்றது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. மனைவி ஓட்டும் குடும்பங்களில் மனைவியும் இதே நியாயத்துக்கு மாறிவிடுகிறார்.

நிறுத்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். கப்பல் இரவை எண்ணும், தரை பகலை எண்ணும். ஃபுளோரிடாவின் போர்ட் கனாவரல் போன்ற இடங்களில் வந்த நாளும் போகும் நாளும் முழு நாளாகவே கணக்கில் சேரும். ஏழு இரவுப் பயணத்துக்கு எட்டு நாள் வாடகை. கருவூலத்தார் இதை ஏற்கமாட்டார்.

திரும்பும் நாளில் சித்தாந்தங்கள் தலைகீழாகின்றன. முந்தின இரவே பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட்டால் கப்பல்காரர்கள் எடுத்துப்போய், காலையில் முனையக் கூடத்தில் எண்வாரியாக அடுக்கி வைப்பார்கள். இது பூனைப்பிடி. மறுநாள் போட்டுக்கொள்ளத் துணியை எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, லுங்கியோடு அமெரிக்க எல்லைக் காவல் அதிகாரி முன் நின்றவர்கள் உண்டு என்பர். நாம் அதை ஆதாரமாகக் கொள்ளவில்லை. ஆனால் தம் பெட்டியைத் தாமே உருட்டி இறங்குவோருக்கு முதல் வரிசை. டாலஸுக்கு 290 மைல் ஓட்ட வேண்டும், மறுநாள் காலை ஆபீஸ் மீட்டிங் இருக்கிறது. போகும்போது சரணாகதி பேசிய மருமகன் வரும்போது இரண்டு கையிலும் இரண்டு பெட்டி, முதுகில் ஒன்று என்று குரங்குக்குட்டியாகிறார். கொள்கை மாற்றம் என்று இதைக் குறை கூற வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மாற்றும்.

பிறகும் ஒரு புதிர் மிஞ்சுகிறது. போனபோது கொண்ட அதே பெட்டிகள் வந்தபோது டிக்கியில் கொள்ளவில்லை. ஈர நீச்சல் உடை ஊதிப்போனது ஒரு காரணம். கோசுமெல் தீவில் மாமியார் பேரம் பேசி வாங்கிய கம்பளி இன்னொன்று. ஐந்து பெட்டி ஏறியது. ஆறாவது, மஞ்சள் துணி கட்டியது, தரையிலேயே நின்றது.

“குடுங்க மாமா, எப்படியாவது திணிச்சிடறேன்.”

“வேணாம் மாப்ளே. எம் மடிலயே இருக்கட்டும்.”

டாலஸ் வரை அவர் கையை எடுக்கவில்லை.